ஒன்றரை மணி நேரத்து ஃபைனல்ஸ்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ரொறன்ரோவுக்கு வந்து ஐந்து மாதம்தான். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் நான்கு பேரோடு தங்கியிருந்து, ஸ்காபரோவில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்தேன். அந்த ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகும். கூடவே சிரிப்பும் வரும்.

எங்கள் மெஷினுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கனடாவுக்கு வருமுன் ஏழு வருடம் மெல்பேர்னில் இருந்தவர். அங்கே பிடித்த பைத்தியம் இங்கேயும் அவரை விடவில்லை. அவுஸ்திரேலியர்களின் ஃபுட்பால்தான் அந்தப் பைத்தியம். முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் விளையாடுவார்கள். ரொறன்ரோவுக்கு வேலைக்கு வந்த அவுஸ்திரேலியர்களும் சில கனடாக்காரர்களும் அணி அணியாகச் சேர்ந்து சனிக்கிழமைகளில் பூங்காக்களில் மோதுவார்கள். அண்ணை அதில் ஓர் அணிக்குச் செயலாளர். தண்ணீர் சுமப்பதும் கத்துவதும்கூட அவர்தான். அணி தொடங்கி நான்கு வருடமாகியும் ஒருமுறைகூட ஃபைனல்ஸ் சுற்றுக்குப் போனதில்லை. அந்தக் கவலை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் வழி திறந்தது. முதல் நான்கு அணிகளுக்குத்தான் ஃபைனல்ஸ். நாங்கள் ஐந்தாம் இடம். ஜென்மப் பகையாளிகளான நீலச்சட்டைக்காரர் நான்காம் இடம். கடைசிச் சனிக்கிழமை நாங்கள் வென்று அவர்கள் தோற்றால் நாங்கள் உள்ளே. இரண்டு ஆட்டமும் ஒரே நேரம், நகரத்தின் இரண்டு அந்தங்களில். கைத்தொலைபேசி இல்லாத காலம். யாராவது போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நான் போறன் அண்ணை" என்றேன்.

அதற்கு முன் ஒரே ஒரு ஆட்டம்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு அண்ணை விதிகளைச் சொல்லத் தொடங்க, "விளங்குது அண்ணை, நான் பள்ளிக்கூட ரீமுக்குக் கோல் காத்தனான்" என்று வாயை அடைத்துவிட்டேன். ஊரில் பந்து விளையாடியவனுக்கு உலகத்துப் பந்தெல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு.

சப்வே, பஸ் எல்லாம் ஏறி எற்றோபிக்கோவில் அந்தப் பூங்காவைக் கண்டுபிடித்தேன். மைதானத்தின் இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் இரண்டு உயரம், இரு பக்கமும் இரண்டு கட்டை. நடுவால் பந்து போனால் கம்பத்தடியில் வெள்ளைக் கோட் போட்டு நிற்கும் நடுவர் இரண்டு கொடி ஆட்டுவார். அது கோல். பக்கத்தால் போனால் ஒரு கொடி. பஸ் ட்ரான்ஸ்ஃபர் துண்டின் பின்பக்கத்தில் கோலுக்கு ஒரு கோடு, தவறியதற்கு ஒரு வட்டம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே இருந்தேன். ஆட்டம் முடிந்தபோது நீலச்சட்டைக்கு ஒன்பது கோடு, மற்றவர்களுக்குப் பத்து. நீலச்சட்டைக்காரர் கட்டிப்பிடித்துக் குதித்துக் கும்மாளம் போட்டார்கள். தோற்றும் இவ்வளவு சந்தோஷமா, என்ன நல்ல சனங்கள் என்று வியந்தபடி பெற்றோல் செட்டடிப் பொதுத்தொலைபேசிக்கு ஓடினேன். அண்ணை தங்கள் மைதானத்துப் பொதுத்தொலைபேசியின் எண்ணைத் தந்து, ஆட்டம் முடிந்ததும் அதனடியில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அப்போது மணி நாலு.

"அண்ணை, இவங்கள் தோத்திட்டாங்கள்!"

"உண்மையாவோ? வடிவாப் பாத்தனியே?"

"என்ர கண்ணால பாத்தனான்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் கூவியதும், பின்னால் இருபது பேர் ஊளையிட்டதும், தொலைபேசி கீழே விழுந்ததும்தான் கேட்டது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கூடுவதாக இருந்த அண்ணையின் வீடு அஜின்கோர்ட்டில். நான் போய்ச் சேர ஐந்தே கால் ஆகிவிட்டது. பின்வளவுக்குள் கால் வைத்ததும், தலையில் பன்டேஜ் சுற்றியிருந்த மலை போன்ற கப்டன் என்னை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர்கள் தங்கள் ஆட்டத்தை வென்றிருந்தார்கள். கனடாவில் என்னை யாரும் வீட்டுக்கு அழைத்தது அதுவே முதல் தடவை. அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, மட்டன் ரோல்ஸைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார். சோஸில் தோய்த்துத் தோய்த்து அவுஸ்திரேலியர்கள் முடித்துக்கொண்டிருந்தார்கள்.

எதிராளி தோற்ற கதை கேட்பதில் யாழ்ப்பாணத்தானுக்கும் அவுஸ்திரேலியனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நீலச்சட்டையின் நெட்டையன் எப்படி விளையாடினான், அவர்களின் பயிற்சியாளர் தொப்பியை எறிந்தாரா என்று மாறி மாறிக் கேட்டார்கள். நானும் என் உடைந்த ஆங்கிலத்தில் உப்புப் புளி சேர்த்து அவிழ்த்துவிட்டேன். ஒரு பக்கம் அடுத்த வாரத் திட்டம் ஓடியது. முதலிடத்து அணியில் ஒருவனுக்கு முழங்கால் சரியில்லையாம், அந்தப் பக்கத்தால் அடித்தால் கிண்ணமே எங்களுக்காம். கூரை வேய்கிற ஒருவர் வேலைக்கு லீவு சொல்லத் தொலைபேசியையே எடுத்துவிட்டார்.

இன்னும் கொஞ்சம் சிரிக்க வைப்போம் என்று ட்ரான்ஸ்ஃபர் துண்டை எடுத்து வாசித்தேன். "கோல் பத்துக்கு ஒன்பது. ஆனால் நீலச்சட்டை பன்னிரண்டு தரம் தவறவிட்டது! மற்றவர்கள் மூன்றே மூன்று தரம்."

எல்லோரும் சிரித்தார்கள். கப்டன் மட்டும் பாதியில் நின்றார். தவறிய பந்து எங்கே போனது, வெள்ளைக் கோட்டுக்காரர் ஒரு கொடி ஆட்டினாரா என்று மெதுவாகக் கேட்டார். ஓம், ஒவ்வொரு தடவையும் ஆட்டினார், பாவம், அடித்தவனுக்கு ஆறுதல் சொல்ல ஆட்டுகிறார் என்று நினைத்தேன் என்றேன்.

கோலுக்கு ஆறு புள்ளி, அந்த ஒற்றைக் கொடிக்கும் ஒரு புள்ளி என்று அப்போதுதான் அறிந்தேன். கப்டன் துண்டை வாங்கி விரல் விட்டுக் கூட்டினார். நீலச்சட்டைக்கு அறுபத்தாறு. மற்றவர்களுக்கு அறுபத்து மூன்று. நீலச்சட்டை வென்றிருந்தது. நாங்கள் வெளியே.

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. விசாரிக்க ஓர் ஆள் இல்லாத ஊரில் கிடைத்த ஒரே வீட்டையும் என் வாயாலேயே தொலைத்துவிட்டேன் என்று அழுகையே வந்துவிட்டது. அண்ணை தலையில் கைவைத்தபடி படியில் இருந்துவிட்டார்.

"டேய், நான் மெல்பேர்னுக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லிப்போட்டனடா! அங்கை விடியக்காலமை, என்ர சிநேகிதனை எழுப்பி எல்லே சொன்னனான்!"

அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப பிழையா எண்ணின ஆளே திருப்பி அடிச்சுச் சொல்லட்டும்" என்று எண்ணைச் சுழற்றி, நீண்ட வயரோடு தொலைபேசியை என் கையில் தந்தார். மறுமுனையில் அண்ணையின் பழைய நண்பர், நித்திரைக் குரல். "நாங்கள் ஃபைனல்ஸிலை இல்லை அண்ணை. நான் பிழையா எண்ணிப்போட்டன்" என்றேன்.

அவர் ஒரு கொட்டாவி விட்டார். "தம்பி, உதை ஒரு ரெண்டு மணித்தியாலம் பிந்திச் சொல்லியிருக்கக் கூடாதே? நான் நல்ல சந்தோசமாப் படுத்திருந்தனான்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் கப்டனின் வயிறு குலுங்கத் தொடங்கியது. பிறகு பின்வளவே வெடித்தது. அண்ணை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான்கு வருடத்தில் இன்றைக்குத்தான் ஒன்றரை மணி நேரம் ஃபைனல்ஸில் இருந்தோம், அருமையாக இருந்தது என்று சொல்லி, கப்டன் எனக்கு ஒரு தட்டு நிறையச் சாப்பாடு போட்டுத் தந்தார். அடுத்த சனி நீலச்சட்டை தோற்பதைப் பார்க்க எல்லோருமாகப் போகிறோம், நீயும் வர வேண்டும் என்றார். போனோம். ஒற்றைக் கொடியையும் சேர்த்து இருபது பேரும் சத்தமாக எண்ணினோம். நீலச்சட்டை சந்தேகமில்லாமல் தோற்றது.

யாராவது என்னிடம் பிழையான செய்தியோடு சந்தோஷமாக ஓடிவந்தால் எனக்கு இன்றுவரை கோபம் வருவதில்லை. பிழைவிட்டவனைத் துரத்தாமல் தங்கள் நடுவிலேயே இருத்தி வைத்துக்கொண்ட அந்த இருபது பேரால்தான் இந்த ஊர் எனக்குச் சொந்த ஊராகியது.