இரண்டு பேருக்கு ஒரு மாடம்

என் கணவர் வேதக்காரர், நான் சைவக்காரி. இத்தாலியில், பலெர்மோவில் இருபத்தாறு வருடம் எங்கள் வீட்டில் சிலுவையும் பிள்ளையாரும் ஒரே சாமித்தட்டில்தான் இருந்தார்கள். விபூதிப் புதனன்று அவர் பூசை முடிந்து தலையில் சாம்பலோடு வருவார். "என்னப்பா, சைவத்துக்கு வந்திட்டியளோ?" என்று நான் கேட்பேன். ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்.

அவருக்கு ஈரலில் வருத்தம், இனிச் சுகப்படாது என்று தெரிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய் எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தார். எரிப்பதைத் திருச்சபை தடுப்பதில்லையாம். ஆனால் சாம்பலைக் கடலில் கரைக்கக் கூடாது, வீட்டிலும் வைத்திருக்கக் கூடாது, மந்திரித்த புனித இடத்தில்தான் வைக்க வேண்டுமாம். அவருக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவேயில்லை. அவருடைய ஆட்கள் எல்லோரும் மண்ணுக்குப் போனவர்கள். அதைவிட, அவருக்கு நெருப்பென்றால் பயம். உணவகக் குசினியில் கொதி எண்ணெய் கொட்டி முழங்கை வரை வெந்த மனிதர். வீட்டில் காஸ் அடுப்பைக்கூட நான்தான் பற்றவைப்பேன்.

அவருக்கு என்னிடம் கேட்க ஒன்று இருந்தது. நான் பிடிகொடுக்கவில்லை. அவர் கதையை எடுத்தால் எனக்கு உடனே ஆயிரம் வேலை வந்துவிடும். சாவைப் பற்றிக் கதைத்தால் அது வாசலுக்கு வந்துவிடும் என்று நம்பிய விசரி நான்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீடு இருக்கும் பிரான்காச்சோவுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, நான் எழும்பி ஓட முடியாத நேரமாகப் பார்த்துக் கேட்டார்.

"நான் போனாப் பிறகு, உம்மடை காலம் வந்தால் நீர் எங்கை கிடப்பீர்? எனக்குப் பக்கத்திலை வருவீரோ?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "நான் சைவக்காரி, என்னை எரிக்கட்டும். நீங்கள் உங்கடை ஆக்களோடை மண்ணுக்குள்ளை போங்கோ" என்றேன்.

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். அதன் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவேயில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி! இப்போது நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

மாசியில் போய்விட்டார். மறுநாள் கால்சாப் பகுதியில் செத்தவீட்டுக் காரியங்கள் பார்க்கும் கடைக்குப் போய், மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்றேன்.

"சிஞ்ஞோரா, உங்கள் கணவர் முன்பே வந்து எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்" என்றார் கடைக்காரர். காகிதத்தில் தகனம் என்று இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. பஸ்ஸில் என்னிடம் கேட்ட அந்தக் கிழமைக்குள்ளேயே எழுதியது.

பிழையாக இருக்கும் என்றேன். அந்த மனிதர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மயானச் சுவரில் சாம்பல் குடுவைகளுக்கென்று சிறிய மாடங்கள் இருக்கின்றன. ஒரு மாடத்தில் இரண்டு குடுவை வைக்கலாம். "'என் மனைவி எரிந்துதான் வருவாள், அதனால் நானும் அப்படியே வருகிறேன்' என்று உங்கள் கணவர் சொன்னார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மாடம் எடுத்திருக்கிறார்."

"மாத்துங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டேன். பிறகு இத்தாலியனில் கெஞ்சினேன். அவர் எழுதியதை அவர்தான் மாற்றலாம் என்றார் கடைக்காரர். சாமியாரும் அதையே சொன்னார்.

எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வீட்டுப் படலை வாசலோடு நின்றுவிடுவார்கள். நான் போனேன். நெருப்புக்குப் பயந்த மனிதரைத் தனியே விட மனம் வரவில்லை. பெட்டி உள்ளே போய் இரும்புக் கதவு இறங்கியது.

எரிவதில் எனக்கு ஒரு பிடிவாதமும் இருந்ததில்லை. மண்ணென்றால் மண். அவருக்குப் பக்கத்தில் எங்கே போட்டாலும் கிடந்திருப்பேன். "என்னட்டை இன்னொருக்காக் கேட்டிருக்கலாமேயப்பா" என்று அந்தக் கதவைப் பார்த்துக் கத்தி அழுதேன்.

ஒருக்காக் கேட்டவர்தான். பஸ்ஸில், என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர்.