கை விட்டது யார்

நினைவுகளை எழுதுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, ஒரே வரியை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், பால்கனியில் நின்று கொண்டாப்பூர் டிராஃபிக்கைத் திட்டுகிறேன், திரும்ப வந்து உட்கார்கிறேன். சின்ன வயதில் எக்ஸிபிஷனில் நான் தொலைந்துபோன கதைதான். யார் என் கையை விட்டது என்பதில் வந்து மாட்டிக்கொண்டேன்.

அப்போது இதே ஊரில் உப்பல் பக்கம் இருந்தோம். அப்பாவுக்கு மல்லாபூர் ஃபேக்டரியில் வேலை. வேலூரிலிருந்து யார் வந்தாலும் அப்பா இந்தக் கதையை எடுத்துவிடுவார். "மிளகாய் பஜ்ஜிய பாத்தேன், எனக்கு உலகமே மறந்துபோச்சு. இவ கைய விட்டுட்டேன்!" என்று சொல்லி அவரே முதலில் சிரிப்பார்.

சுத்தப் பொய். அப்பா பஜ்ஜிக் கடைக் கூட்டத்தில் எங்கோ நின்றிருந்தார். நான் அம்மாவோடு வளையல் கடையில் இருந்தேன். கல் வைத்த வளையலை ஏற்றிப் பார்க்கக் கடைக்காரர் அம்மாவின் கையைக் கேட்டார். அந்தக் கையில்தான் நான் இருந்தேன். அப்புறம் மைக்கில் என் பெயரைச் சொல்லும்வரை நான் போட்ட கூப்பாடு எனக்கல்லவா தெரியும்!

அந்த வருஷம் பெரிய அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா. அம்மா சாம்பாரில் உப்பு குறைத்தால் அது வேலூர் முழுக்கப் பரவும், அப்படிப்பட்டவர். அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். அத்தை பிடித்துக்கொண்டார். "பொம்பளப் புள்ளைய விட்டுட்டு பஜ்ஜி தின்னியா? நீயெல்லாம் ஒரு அப்பனாடா?" அப்பா தலையைச் சொறிந்தபடி வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நக்கோ, வேணாம் அத்தை! அப்பாவ திட்டாதீங்க, கைய விட்டது வந்து..." என்று குதித்து எழுந்தேன். முடிப்பதற்குள் அம்மா என் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தாள். ஆத்திரத்தில் முறுக்கைக் கடிக்கக்கூட இல்லை நான். இவர்கள் இரண்டு பேரும் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள் என்று அன்றைக்கு முழுக்கப் பொருமிக்கொண்டே திரிந்தேன்.

இப்போது அப்பா இல்லை. அத்தையும் இல்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். காப்பியோடு வந்தவள், "என்னடி, காலையிலேர்ந்து குட்டி போட்ட பூனையாட்டம் அலையற?" என்றாள்.

சொன்னேன். "அப்பான்னே எழுதிடவாம்மா?"

அம்மா காப்பியை மேஜையில் வைத்தாள். "வேணாம்டி. செத்துப்போன மனுஷன் இன்னும் எத்தன பேர்கிட்டதான் எனக்காகத் திட்டு வாங்குவாரு? அம்மான்னே எழுது."

எழுதிவிட்டேன். ஆனாலும் உட்கார முடியவில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போது அப்பா வந்தவர்கள் அத்தனை பேர் முகத்தையும் பார்த்துச் சிரிப்பார். அம்மா இருக்கும் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டார். திரும்பியிருந்தால் எல்லார் கண்ணும் அவள் மேல் போயிருக்கும். பொய் சொல்கிறாரே, அந்த வெட்கம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.