அன்சைன்ட் மாப்பிள்ளை

டீயில் சீனி போடவா என்று கேட்டால் அமிர்தலிங்கம் வாயைத் திறப்பதில்லை. ஆள்காட்டி விரலை நிமிர்த்தினால் போடலாம்; மடக்கினால் வேண்டாம். பஸ் வந்துவிட்டதா, துரை உள்ளே இருக்கிறாரா, எல்லாவற்றுக்கும் அதே விரல்தான். ஆபீஸ் தாள்களில் அவர் போடும் கையெழுத்தும் ஒரு சின்னக் கோடு. "ஆமா, இல்லைக்கு எதுக்கு வாயி? ஒரு பிட் போதும் லா" என்பார். அந்தக் கொள்கையை விளக்க மட்டும் அரைமணி நேரம் பேசுவார்.

தேயிலைத் தொழிற்சாலையில் அவர் சின்னக் கிராணி, அதாவது இளைய எழுத்தர். எண்பத்தேழில் தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஷாக் அடிக்கும் என்று பெரிய கிராணி ஒதுங்கிக்கொண்டதால் அது இவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. கேமரன் மலை ஈரத்தில் காலில் கிடக்கும் செருப்பே பூஞ்சை பிடிக்கும். ஆகவே உலர்த்தும் அறையின் சூடான சுவரை ஒட்டி அதை வைத்தார். சாயங்காலம் அதற்குக் கம்பளி போர்த்திவிட்டு, முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போவார். ஈப்போவில் ஒரு தடித்த புத்தகம் வாங்கி, சி என்ற கம்ப்யூட்டர் மொழியைத் தானே படித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரின் அதிகாரபூர்வமான வேலை தேயிலைப் பெட்டிகளை எண்ணுவது. மதிய இடைவேளையில் அது கல்யாணப் பொருத்தம் பார்த்தது. பஞ்சாங்கத்து விதிகளை முழுக்க அதற்குள் இறக்கியிருந்தார். இரண்டு நட்சத்திரங்களைத் தட்டினால் போதும், பத்துப் பொருத்தத்தில் எத்தனை என்று பச்சை எழுத்தில் சொல்லிவிடும். பிரிஞ்சாங்கிலிருந்துகூட ஆள் வந்தது. "நீ இதெல்லாம் நம்புறியா தம்பி?" என்று யாராவது கேட்டால் விரல் மடங்கும்.

பொருத்தம் ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. பிட் என்பது ஒன்றோ பூஜ்யமோ மட்டும் நிற்கும் இடம். பதினாறு பிட் அகலமான இடத்தில் ஒற்றை 'ஆமாம்' கால் நீட்டிப் படுத்திருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரே எண்ணைத் தடுப்புகளாகப் பிரித்து, பொருத்தத்துக்கு ஒரு பிட் வீதம் பத்தையும் அடைத்துவிட்டார். இதற்கு பிட் ஃபீல்டு என்று பெயர். மிச்சமானது பதினெட்டு பைட். அந்தக் கம்ப்யூட்டரில் ஆறு லட்சம் பைட்டுக்கு மேல் சும்மா கிடந்தது என்பதை அவரிடம் சொல்லக்கூடாது.

இந்தப் புது ஏற்பாட்டில் முதலில் போட்டுப் பார்த்த ஜோடி அவரும் அம்சவல்லியும்தான். அம்சவல்லி தானா ராத்தாவில், லோரிகளுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிவிடும் வியாபாரியிடம் வேலை பார்த்தவர். சிரித்தால் மூன்று கடைக்குக் கேட்கும். பஸ் நிறுத்தத்தில் தொடங்கிய பழக்கம். அம்சவல்லியின் அப்பா நாகரத்தினம், கம்ப்யூட்டர் சுவருக்கு அந்தப் பக்கம் உலர்த்தும் அறையின் மேற்பார்வையாளர். அமிர்தலிங்கம் அவரைப் பல வருடமாக 'அண்ணே' என்று அழைத்து வந்தார். அண்ணன் மகளைக் கட்டிக்கொள்ள முடியாது. எனவே பெண் கேட்கப் போன அன்று வாசலிலேயே மாற்றிக்கொண்டார்.

"நேத்து வரைக்கும் அண்ணே, இன்னிக்கு மாமாவா?"

"டைப் கன்வர்ஷன், மாமா. ஒரு வகைய இன்னொரு வகையா மாத்துறது. சொல்லிட்டு மாத்தினா தப்பில்ல. சொல்லாம மாறினாத்தான் வம்பு."

நாகரத்தினத்துக்கு ஜோசியர்கள் மேல் கோபம். தாப்பா ஊர் ஜோசியர் ஏழு பொருத்தம் என்றார். ஈப்போக்காரர் மூன்று என்றார். "மனுசனே வேணாம் லா. மெஷின் சொல்லட்டும். அஞ்சுக்கு மேல வந்தா பொண்ணு ஒனக்கு. வரலன்னா, மறுபடியும் அண்ணேதான்."

மெஷின் சொன்னது: -8.

"அது என்னா, முன்னுக்கு ஒரு கோடு?"

"மைனஸ், மாமா."

"பூஜ்யம்னாக்கூட ஏதாச்சும் பரிகாரம் பண்ணலாம். பூஜ்யத்துக்கும் கீழ போனதுக்கு எந்தக் கோயிலுக்கு லா போறது?" என்றவர் கதவருகில் திரும்பினார். "அண்ணேன்னே கூப்பிடு."

சேதி கேட்ட அம்சவல்லி முட்டைக்கோஸ் கூடைமேல் உட்கார்ந்து சிரித்தார். "பத்துக்கு மைனஸ் எட்டா? இப்பிடிப் பொருந்தாம இருக்கவும் ஒரு தெறம வேணும்!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சீக்கிரம் சரி பண்ணுங்க. அப்பா வேற எடம் பாக்க ஆரம்பிச்சிருவாரு" என்றார்.

அமிர்தலிங்கம் ஒரு தடுப்புக்குள் 1 என்ற எண்ணைப் போட்டார். அதையே திருப்பிக் கேட்டார். மைனஸ் ஒன்று வந்தது. விரலை நிமிர்த்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், பிறகு தனியாகச் சிரித்தார். தடுப்புகளை வெறும் 'இண்ட்', அதாவது முழு எண், என்று அறிவித்திருந்ததால், அவர் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் முதல் இடத்தைப் பிளஸ் மைனஸ் குறிக்கு ஒதுக்கிவிட்டது. பதினாறு இடம் இருக்கையில் அது உறுத்தாது. தோட்டத்து ஒற்றை அறை லயத்து வீட்டில் குறியே வந்து குடியேறினால் எண் எங்கே படுக்கும்? ஒவ்வொரு 'ஆமாம்'உம் மைனஸ் ஒன்றாகிவிட்டது. கூட்டுவதற்காக முழு எண்ணாக மாறியபோதும் மைனஸைக் கையோடு கூட்டி வந்தது. சொல்லாமல் மாறிய வம்புதான். மருந்து ஒரே சொல்: 'அன்சைன்ட்', அதாவது குறி இல்லாதது.

உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் ஓடிப்போய்க் கத்தினார். "மாமா! அன்சைன்ட்னு போட்டா கல்யாணம் சரியாயிடும்!"

நாகரத்தினத்தின் கையிலிருந்த தேயிலை கீழே கொட்டியது. "சைன் இல்லாம கல்யாணமா? கோயில்ல தாலியக் கட்டிட்டு, ரெஜிஸ்டர்ல சைன் போடாம நழுவலாம்னு பாக்குறியா? எந் தங்கச்சிய ஒருத்தன் அப்பிடித்தான் ஏமாத்தினான்! ஒரு கோடு கிழிக்கிற பயதானே நீ!"

அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, அந்தச் சொல்லைச் சேர்த்து, மறுபடி ஓட்டிக் காட்டினார் அமிர்தலிங்கம். 8 வந்தது. நாகரத்தினம் திரையைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். கோடு இல்லை.

"எட்டு இருக்கட்டும். சைன் போடுவியா, மாட்டியா?"

விரல் நிமிர்ந்தது.

"வாயால சொல்லு லா!"

"போடுறேன், மாமா."

தானா ராத்தாவில் பதிவு நடந்த அன்று, அதிகாரி காட்டிய கட்டம் கட்டைவிரல் அகலம்தான். நாகரத்தினம் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அமிர்தலிங்கம் கோடு கிழிக்கவில்லை. தன் பெயரை எழுத்து எழுத்தாக, புள்ளி ஒன்று விடாமல் எழுதினார். அப்பா சின்னையா பெயரையும் சேர்த்தார். கட்டம் முடிந்துவிட்டது. அவர் பேனாவைத் தாளிலிருந்து தூக்கவில்லை. கோட்டைத் தாண்டி, அம்சவல்லிக்கு விட்டிருந்த கட்டத்துக்குள் பாதி தூரம் எழுதிக்கொண்டே போனார்.