ஒட்டகமலைக்கு நேரே

கல்முனைக்குடி ஆசியா உம்மா, புருஷன் மௌத்தான பிறகும் வயலைக் குத்தகைக்கு விடாமல் தானே செய்தவள். எழுபத்தொன்பதாம் ஆண்டில் பக்கத்து வயல்காரர் எல்லைக்கல்லைப் பிடுங்கி, அவள் பக்கம் எட்டு முழம் தள்ளி நட்டுவிட்டார்.

"கல் நிக்கிற இடந்தான் எல்லை" என்றார் அளக்க வந்த அதிகாரி.

ஆசியா உம்மா சேற்றில் இறங்கினாள். மேற்கே ஒட்டகமலையின் உச்சி குளத்து மதகுக்கு நேர் மேலே தெரிகிற இடத்தில்தான் அவளுடைய வாப்பா வரம்பு கட்டுவார். அங்கே போய் மண்வெட்டியை ஊன்றினாள்.

"கல்லைத் தூக்கிட்டாங்க, சேர். அந்த மலையையும் எட்டு முழம் தூக்கி வைக்கச் சொல்லுங்க. வெச்சா, நான் வயலை விட்டுட்டுப் போறன்."

அதிகாரி மலையைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவள் வரம்பு கட்டத் தொடங்கியிருந்தாள்.