ஒன்று புள்ளி மூன்று மில்லி

நாலு வருஷம் நர்சிங் படித்துவிட்டு, வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனக்கு வண்டி வண்டியாய் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்ததே பச்சைப்பிள்ளை வார்டுக்காகத்தான். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன். போய்ச் சேர்ந்தால் கவுண்டரில், “பேரு என்ன, வயசு என்ன, எந்த ஊரு?” இதேதான் சாயங்காலம் வரைக்கும்.

வார்டுக்குள் நுழைய ஒரே வழி, மேட்ரன் வைக்கும் மருந்தளவுக் கணக்குப் பரீட்சை. பத்துக் கேள்வி. வார்டில் இருந்த ஐந்து நர்ஸ்களும் மாதாமாதம் அதை எழுதுவார்கள். வெளியிலிருந்து உள்ளே வர விரும்பியவள் நான் ஒருத்திதான். மூன்று தடவைக்குள் பத்துக்குப் பத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் கவுண்டரே கதி. ஒன்பது எடுத்தால் போதாதா என்று நான் ஒருமுறை வாயை விட்டேன்.

“பத்துப் பிள்ளையில ஒண்ணுக்குத் தப்பா ஊசி போட்டாப் பரவால்லன்னு எழுதித் தரவா?” என்றார் மேட்ரன்.

முதல் மாதம் ஒரு டிரிப் கணக்கு. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? நான் சுத்தமாகக் கணக்குப் போட்டு இருபது புள்ளி எட்டு மூன்று என்று எழுதிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். மேட்ரன் தாளைத் தூக்கிக் காட்டினார். “ஏட்டி, இருவது சொட்டு விழும். அந்தப் புள்ளி எட்டு மூணு சொட்டை எப்பிடி விழ வைப்ப? கத்திரிக்கோல் வச்சு வெட்டுவியோ?” எல்லோரும் சிரித்தார்கள். சொட்டு என்றால் முழு எண்ணாகத்தான் எழுத வேண்டும், இருபத்தொன்று. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

அடுத்த மாதம் நான் விட்டேனா? எங்கே புள்ளியைக் கண்டாலும் வெட்டினேன். ஆயிரம் மில்லி குளுக்கோஸ், ஏழு மணி நேரம், ஒரு மில்லிக்குப் பதினைந்து சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை மில்லி என்று வகுத்தால் இரண்டு புள்ளி மூன்று எட்டு. புள்ளியைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டைப் பதினைந்தால் பெருக்கி முப்பது சொட்டு என்று எழுதினேன். சரியான விடை முப்பத்தாறு. “முழுசாக்குறது கடைசியில, ஒரே ஒரு தடவை. நடுவுல கை வைக்காத,” என்றார் மேட்ரன். போச்சு, இரண்டு வாய்ப்பும் போச்சு.

அன்றைக்கு பஸ்ஸில் அழுதேன். என் முட்டாள்தனத்தின் மேல் வந்த ஆத்திரம்தான் அது. அந்த மாதம் முழுக்கக் கணக்காகவே திரிந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தால் சொந்தக்காரர்கள் பால்கோவா பெட்டியோடுதான் வருவார்கள். காலிப் பெட்டிகளைக் கிழித்து, உள்பக்க வெள்ளை அட்டையில் கணக்குப் போடுவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, “எம்புட்டு நீளத்துக்குப் புள்ளி வச்சிருக்க தாயி,” என்று வாயைப் பிளந்தார். இருக்கட்டும் என்று கடைசி வரி வரைக்கும் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் கொண்டுபோய், அங்கே மட்டும் வெட்டப் பழகினேன்.

மூன்றாவது பரீட்சை. ஒன்பது கேள்விக்கு டிக் விழுந்தது. பத்தாவதில் மேட்ரனின் சிவப்புப் பேனா நின்றது, சரக்கென்று ஒரு பெருக்கல் குறி போட்டது.

கேள்வி இதுதான். குழந்தையின் எடை இரண்டு கிலோ அறுநூற்றைம்பது கிராம். கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் மருந்து. ஒரு மில்லியில் பத்து மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லி போட வேண்டும்? விடை ஒரு தசமத்துக்கு. நான் எழுதியது ஒன்று புள்ளி மூன்று. மற்ற ஐந்து பேரும் எழுதியது ஒன்று புள்ளி நான்கு. திருத்துவதற்கு மேட்ரன் வைத்திருந்த விடைத்தாளிலும் அதேதான்.

“ஒன்பது. அம்புட்டுத்தான், பாவம்,” என்றார் மேட்ரன்.

பாவம் என்றாரே, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. “மேடம், என் விடை சரி. உங்க விடைத்தாள்தான் தப்பு,” என்றேன்.

கல்லூரியில் என்னோடு படித்த மம்சாபுரத்துக்காரி, வார்டு நர்ஸ், என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மேட்ரன் சாக்பீஸை நீட்டினார். “போர்டுல போடு, பாப்போம்.”

போர்டில் போட்டேன். இரண்டு புள்ளி ஆறு ஐந்து, பெருக்கல் ஐந்து, பதின்மூன்று புள்ளி இரண்டு ஐந்து. பத்தால் வகுத்தால் ஒன்று புள்ளி மூன்று இரண்டு ஐந்து. ஒரு தசமத்துக்கு ஒன்று புள்ளி மூன்று.

“எடை ரெண்டு புள்ளி ஏழுல்லா?” என்றார் மேட்ரன்.

அங்கேதான் விஷயம் இருந்தது. அந்த வார்டில் கேஸ் ஷீட்டில் எடையை ஒரு தசமத்தோடு எழுதுவதுதான் பழக்கம். கிராமில் பார்த்தாலும் கை தானாக முழுசாக்கிவிடும். அறுநூற்றைம்பதைப் பார்த்த உடனே மேட்ரனையும் சேர்த்து ஆறு பேரும் இரண்டு புள்ளி ஏழு என்று எழுதிவிட்டார்கள். பிறகு பதின்மூன்று புள்ளி ஐந்து, ஒன்று புள்ளி மூன்று ஐந்து, அதையும் முழுசாக்கி ஒன்று புள்ளி நான்கு.

“ரெண்டு தடவை முழுசாக்கிட்டீய மேடம். கடைசியில ஒரே தடவைன்னு நீங்கதான சொன்னீய?”

மேட்ரன் கால்குலேட்டரை எடுத்தார். ஒரு தடவை தட்டினார், இன்னொரு தடவை தட்டினார். ஊசிக்குழலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு கோட்டு வித்தியாசத்தைப் பார்த்தார். பிறகு என் தாளை வாங்கி, பெருக்கல் குறியை அடித்து டிக் போட்டு, பத்து என்று பெரிதாக எழுதினார். ஐயோ, அந்த நிமிஷம்! கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்துவிடுவேன் போலிருந்தது.

“மத்த அஞ்சு பேரும் நாளைக்குத் திரும்ப எழுதணும்,” என்றார்.

“பாவி! ஒன் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாட்டி?” என்று, திரும்பி வந்து உட்கார்ந்த என் தொடையில் கிள்ளினாள் மம்சாபுரத்துக்காரி. வலித்தது, ஆனாலும் சிரித்தேன்.

மறுநாள் நான் அறைக்குள் போனபோது ஆறு பேர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள் மேட்ரன். கேள்விகளை டாக்டரிடம் வாங்கியிருந்தார். எழுதி முடித்ததும் தாள்களை அடுக்கி, டாக்டர் உறையில் ஒட்டித் தந்திருந்த விடைத்தாளையும் சிவப்புப் பேனாவையும் என்னிடம் நீட்டினார். “திருத்து. எனக்குன்னு தாட்சண்யம் ஒண்ணும் பாக்காத.”

ஒவ்வொரு வரியையும் நானும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டேன். மேட்ரனின் தாளை இரண்டு தடவை பார்த்தேன். எங்கேயாவது ஒரு மார்க் குறைக்க ஆசையாகத்தான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். பத்துக்குப் பத்து.

தாளை வாங்கிப் பார்த்த மேட்ரன் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

“முடிஞ்சுதுல்லா? பொறவு ஏன் இங்கன நிக்க? வார்டுல பிள்ளைக்கு ஊசி நேரம் ஆச்சு, ஓடு.”

ஓடினேன்.