கதவில் எழுதிய எடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு, பருத்தி வெடிக்கும் இலையுதிர் காலத்தில், தாஷ்கந்துக்குக் கிழக்கே பெர்கானாப் பக்கத்து யாஸ்யவான் வயல்களில்தான் சனோபரும் இனோயத்தும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். கல்லூரிகளைப் பூட்டிவிட்டு மாணவிகளைப் பருத்தி பறிக்க அனுப்பும் பருவம் அது. மாலையானால் மூன்று கழிகளைக் கூட்டி நட்டுத் தொங்கவிட்ட தராசின் முன்னே மூட்டைகளோடு வரிசையில் நிற்பார்கள். விதித்த அளவைப் பறிக்காதவளின் பெயர் மறுநாள் காலையில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். அந்த அவமானத்துக்கு அஞ்சிப் பருத்தியில் தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. மூட்டையின் அடியில் மண்ணாங்கட்டி வைப்பவர்களும் உண்டு.

சனோபர் மண்ணாங்கட்டி வைத்திருந்தாள். அன்று பார்த்து அணித்தலைவருக்கு ஏதோ ஐயம் எழுந்துவிட்டது. மூட்டைகளை அங்கேயே கொட்டச் சொன்னார். அவளுடைய பருத்தியும் அடுத்து நின்ற பெண்ணின் பருத்தியும் ஒன்றாகச் சரிந்தன. இரண்டுக்கும் நடுவிலே கட்டி உருண்டு வந்து நின்றது.

"இது யாரு மூட்டையில இருந்து விழுந்துச்சு?"

சனோபர் குனிந்து, சரிந்த பருத்தியை அள்ளத் தொடங்கினாள்.

"என்னோடது இல்லீங்க" என்றாள் பக்கத்தில் நின்ற இனோயத்.

"அப்ப இவளோடதா?"

"என் மூட்டையப் பத்திக் கேளுங்க, சொல்றேன். அடுத்தவ மூட்டையப் பத்தி என்னைக் கேக்காதீங்க."

வாய்த்துடுக்கு உள்ளவளே குற்றவாளி என்று அணித்தலைவர் முடிவு கட்டினார். மறுநாள் இனோயத்தின் பெயர் வாசிக்கப்பட்டது. சனோபர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், வாயைத் திறக்கவில்லை. அன்று வயலில் இறங்கியபோது இனோயத் தானாகவே அவளருகில் வந்தாள்.

"மண்ணு கனமாத்தான் இருக்கும். ஆனா அதுல நூல் நூக்க முடியாதுடி. என் பக்கத்து வரிசைக்கு வந்துடு. பேசிக்கிட்டே பறிச்சா கை வேகமா ஓடும்."

அந்தக் கட்டியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

காலம் இருவரையும் மார்கிலான் நகரத்தின் ஒரே தெருவுக்கு மருமகள்களாகக் கொண்டுவந்து சேர்த்தது. இனோயத் மழலையர் பள்ளியில் சமையல் வேலைக்குப் போனாள். பிள்ளைகளின் கஞ்சிக்கு இவ்வளவு வெண்ணெய் என்று விதி இருந்தால் அவ்வளவையும் தராசில் நிறுத்துப் போடுவாள். மற்றச் சமையல்காரிகளின் பைகள் மாலையில் கனத்துத் தொங்க, இவள் பை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டு வரும். அவள் கணவன் யாகூப்ஜான் தெருமுனைத் தேநீர்க் கடையில், "ஊர்ல எல்லாச் சமையக்காரி வீட்டுலயும் வெண்ணெய் வழியுது. என் வீட்டுல மட்டும் ரொட்டி வறண்டு கெடக்கு" என்று புலம்புவான். சொல்லும்போது அவன் குரலில் சிறிது பெருமையும் கலந்திருக்கும். அவன் இறந்த பிறகும், மகன் வேலைக்காக உருசியாவுக்குப் போன பிறகும், மருமகள் திலோராவோடு அவள் அந்த வீட்டிலேயே இருந்தாள்.

இருவரும் ஐம்பதைக் கடந்திருந்த காலத்தில்தான் எடை குறைக்கும் பேச்சு தொடங்கியது. மாதம் ஒரு வீடு என்று சுற்றிவரும் பெண்கள் கூட்டம் ஒன்று அவர்களுக்கு இருந்தது. அதில் மூத்தவள் தோஜிகான். ஒரு கல்யாண வீட்டில் தாழ்ந்த மேசையின் முன்னே மெத்தைவிரிப்பில் அமர்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. மருமகள்கள் இருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

"ஏண்டி, பள்ளத்துல விழுந்த பசுவத் தூக்குற மாதிரித் தூக்குறீங்க!" என்று அவளே சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் கண்கள் கலங்கியிருந்தன. அடுத்த கூட்டத்திலேயே ஏற்பாடாகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் எடைப்பொறியில் ஏற வேண்டும். ஆண்டு முடிவில் மிகுதியாகக் குறைந்தவளுக்கு எல்லோரும் சேர்ந்து ஓர் அத்லஸ் பட்டு எடுத்துத் தர வேண்டும்.

எடையைக் கூட்டிக் காட்டுவதற்கு மண்ணாங்கட்டி தேடிய தலைமுறை அது. இப்போது குறைத்துக் காட்ட வேண்டும் என்றால் சும்மா இருக்குமா? முதல் நாள் தோஜிகான் வெல்வெட்டு அங்கியோடும் இடுப்பில் சாவிக்கொத்தோடும் ஒரு குடுவைத் தேநீரைக் குடித்துவிட்டு ஏறினாள். அடுத்த மாதம் மெல்லிய சீட்டித் துணியில் வந்து, கம்மலையும் கழற்றினாள்.

"கம்மலக் கழட்டிட்ட, பல்ல மட்டும் ஏக்கா விட்டு வச்சிருக்க?" என்றாள் சனோபர்.

"தங்கப் பல்லுடி. என்னைப் பொதைக்கிற அன்னிக்குத்தான் கழலும்."

அப்படிக் குறைந்த எடையைக் கொண்டாடத்தான் அடுத்த நொடியே மேசை விரியும். இறைச்சி பொதிந்த சம்சா வரும், அல்வா வரும், கொழுப்பு மினுங்கும் புலாவ் வரும். "என் மேல ஆணை, இன்னும் ஒரு வாய்!" என்று வீட்டுக்காரி நெஞ்சில் கைவைத்துக் கெஞ்சும்போது மறுப்பதற்கு அங்கே யாருக்கும் மனம் வராது. மறுத்தால் அது அந்த வீட்டையே அவமதிப்பதாகும்.

இனோயத்தும் அந்த ஒரு வாயை வாங்கிக்கொள்வாள். ஆனால் வாங்கிக்கொண்டதை எழுதிவைப்பாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும், எப்போதும் உடுத்தும் அதே நீலச் சீட்டி உடையில், வெறும் வயிற்றோடு எடைப்பொறியில் ஏறுவாள். அரிசியும் எண்ணெயும் வைக்கும் அறைக்கதவின் வெளிப்புறத்தில் சுண்ணக்கட்டியால் எடையைக் குறிப்பாள்; பக்கத்திலேயே காரணத்தையும் குறிப்பாள். 'சனோபர் வீட்டுச் சம்சா, ஏறியது.' 'அண்டைவீட்டுக் கல்யாணம், ஏறியது.' 'நடந்தேன், இறங்கியது.' 'ஒருவரும் பார்க்காதபோது வெண்ணெய் தடவிய ரொட்டி, ஏறியது.' அந்த வீட்டுக்குப் போகிற எவரும் அதைப் படிக்கலாம். படித்து வயிறு குலுங்கச் சிரிக்கலாம்.

"இறங்கினத எழுது, சரி. ஏறினத எதுக்குடி எழுதற? அது தன்னால மறந்துடும்ல?" என்று சனோபர் கேட்டாள்.

"இறங்கினத மட்டும் எழுதினா அதுக்குப் பேரு கணக்கா? கல்யாணப் பாட்டுடி அது. பொண்ணு நொண்டியா இருந்தாலும் மானு மயிலுன்னு பாடுவாங்க."

முதல் குளிர்காலம் வரையில் அவளுடைய எண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக, வெகு மெதுவாகத்தான் சரிந்துகொண்டிருந்தன. குளிர் விலகி, தெருவெங்கும் நவ்ருஸ் என்னும் வசந்தப் பண்டிகைக்குக் கோதுமை முளைக்கஞ்சி காய்ச்சத் தொடங்கிய நாள்களில் அவை கிடுகிடுவென்று இறங்கின. காரணம் எழுதும் இடத்தில் இனோயத், 'தெரியவில்லை' என்று எழுதினாள். அடுத்த வாரமும் அதையே எழுதினாள்.

போட்டி தொடங்கி ஓராண்டு நிறைந்த கூட்டம் அந்த மாதம் சனோபரின் வீட்டில் நடந்தது. சனோபருக்கு அந்தப் பட்டின்மேல் தீராத ஆசை இருந்தது. மயில்பச்சையும் கறுப்பும் ஓடிய அந்த அத்லஸைக் கடையில் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். மாதக்கணக்காக வேகவைத்த பீட்டுக்கிழங்கைத் தின்று, முழங்கால் வலிக்க நடந்து, பெயருக்குச் சிறிது குறைந்திருந்தாள். இனோயத் எடைப்பொறியில் ஏறினாள். எண்ணைப் பார்த்த பெண்கள் "அம்மாடி!" என்று கைதட்டினார்கள். கண்ணேறு பட்டுவிடக் கூடாது என்று தோஜிகான் கரண்டி நெருப்பில் இஸிரிக் என்னும் காய்ந்த செடியைப் போட்டு, அவள் தலையைச் சுற்றிப் புகை காட்டினாள்.

"பட்டு எனக்கு வேணாம்க்கா" என்றாள் இனோயத். "இது நான் குறைச்சது இல்ல. எப்பவும் போலத்தான் சாப்பிடறேன். நடக்கக்கூட இல்ல. ஏன் இப்படி எறங்குதுன்னு எனக்கே தெரியல."

அந்தச் சொற்கள் சனோபரைச் சுட்டன. பட்டினி கிடந்தும் தனக்குக் கிடைக்காததை இவள் வேண்டாமென்று தள்ளுகிறாளே என்று தோன்றியது.

"ஏன் தெரியாது? மொத நாள் பாவாடைக்குள்ள மண்ணாங்கட்டிய வச்சுக்கிட்டு ஏறியிருப்ப. இப்ப எடுத்துட்ட. உனக்குத் தெரியாத வித்தையாடி அது?"

பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். யாஸ்யவானில் இனோயத்தின் பெயர் வாசிக்கப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். கட்டி யாருடையது என்பது அந்த அறையில் இருவருக்கு மட்டுமே தெரியும்.

இனோயத் சினக்கவில்லை. பட்டை எடுத்து, நான்காக மடித்து, சனோபரின் மடியில் வைத்தாள்.

"வச்சுக்கோ. உனக்கு இது எவ்ளோ பிடிக்கும்னு எனக்குத் தெரியும்."

புலாவில் இரண்டு வாய் எடுத்துக்கொண்டு சீக்கிரமே எழுந்துவிட்டாள். வாயிற்படியில் செருப்பைத் தேடுவதுபோலச் சற்று நேரம் நின்றாள். எதையோ கேட்க வந்தவள் கேட்காமல் நிற்கிறாள் என்று சனோபருக்குத் தெரிந்தது. தெரிந்தும், மேசையைத் துடைக்கத் திரும்பிவிட்டாள்.

அதன்பிறகு இனோயத் கூட்டத்துக்கு வரவில்லை. அவள் முதலில் வந்து பேசட்டும் என்று சனோபர் இருந்தாள். முலாம்பழம் மலிந்த கோடையில் ஒருநாள் சந்தை வாயிலில் அவளைக் கண்டாள். நீலச் சீட்டி உடை, ஆணியில் மாட்டியதுபோல் அவள் தோள்களில் தொங்கியது. 'நன்றாகத்தான் இளைத்துவிட்டாள்' என்று நினைத்துக்கொண்டு, காணாதவள்போல் வேறு பக்கமாகப் போய்விட்டாள். அந்த நினைப்பை இன்று எண்ணினாலும் சனோபர் தன் வாயை தலைத்துணியின் முனையால் பொத்திக்கொள்வாள்.

பருத்தி வெடித்த பருவத்தில் திலோரா வந்து கதவைத் தட்டினாள்.

"அத்தையத் தாஷ்கந்துக்குக் கூட்டிட்டுப் போறோம் பெரியம்மா. வயித்துக்குள்ள கட்டியாம். வசந்தகாலத்துலயே வந்திருந்தா எடுத்திருக்கலாம்னு டாக்டரு சொல்றாரு."

"வசந்தகாலத்துலயே ஏம்மா போகல? அவளுக்குத்தான் தெரிஞ்சிருக்கே, காரணமில்லாம எறங்குதுன்னு!"

"அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தாங்கல்ல, உங்களத் துணைக்குக் கூப்பிடணும்னுதான் வந்தாங்க. 'பெர்கானா ஆஸ்பத்திரிக்குச் சனோபர் கூட வந்தா எனக்குப் பயமில்ல'ன்னு சொல்லிட்டுத்தான் கெளம்பினாங்க. திரும்பி வந்து, 'அவளுக்கு வீட்டுல வேல இருக்காம், அப்புறமாப் போலாம்'னுட்டாங்க. நானும் விட்டுட்டேன்."

சனோபருக்கு வீட்டில் ஒரு வேலையும் இருந்திருக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னவள், அந்த ஒன்றை மட்டும் இல்லாததாகச் சொல்லியிருக்கிறாள். அதையும் சனோபரின் பெயர் கெடாமல் இருப்பதற்காகச் சொல்லியிருக்கிறாள்.

புறப்படும்போது இனோயத் வழக்கப்படி ஒரு ரொட்டியைக் கடித்துக் கொடுத்தாள். கடித்த ரொட்டியைத் திலோரா சுவர் ஆணியில் மாட்டினாள். போனவர் திரும்பி வந்து மிச்சத்தை உண்ண வேண்டும் என்பதுதான் அதன் பொருள். முதல் பனி விழுவதற்கு முன்னே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னால், அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

சனோபர் போனபோது இனோயத் சன்னலோரம் சாய்ந்திருந்தாள். ஆணியில் மாட்டிய ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் திலோரா ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்றாள் இனோயத். "உன் மண்ணாங்கட்டிகூட இதவிட மெதுவா இருந்துச்சு."

சனோபர் அவள் காலருகில் அமர்ந்துவிட்டாள். "அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். அந்தக் கட்டி என்னோடதுன்னு."

"நீ மூட்டையில வச்சப்பவே பாத்தேன்டி. வைக்கத் தெரியாம வச்ச. அடியில வைக்கணும், நீ நடுவுல வச்ச."

"கேலி பண்ணாதடி. நீ உண்மையச் சொன்ன. நான் நம்பல. எல்லாரும் பாக்கக் கதவுல எழுதி வச்சிருந்த. அதப் படிச்சுப் படிச்சுச் சிரிச்சவ நானு."

இனோயத் நனைந்த ரொட்டியில் இன்னொரு வாய் வாங்கிக்கொண்டாள். இல்லை என்று மறுக்கவில்லை. அதைவிட ஒரு வசவு எவ்வளவோ மேல் என்று சனோபருக்குத் தோன்றியது. பிறகு இனோயத் திலோராவைப் பார்த்தாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே? எடைப்பொறிய எடுத்துட்டு வாம்மா."

"எதுக்கு அத்தை? வேணாமே."

"ஏறினப்பவும் எழுதினேன், எறங்கினப்பவும் எழுதினேன். இப்ப மட்டும் விட்டா, கதவு என்னைப் பத்தி என்ன நெனைக்கும்?"

நீலச் சீட்டி உடையை அவளுக்கு உடுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் திலோராவும் மறுபக்கம் சனோபருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். கையில் கனமே தெரியவில்லை. பறித்துப் போட்ட பஞ்சைத் தூக்குவதுபோல் இருந்தது. நிலைப்பட்டதும் திலோரா விலகிக்கொண்டு சுண்ணக்கட்டியை எடுத்தாள். சனோபர் மட்டும் தோழியின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இனோயத்தால் குனிந்து எண்ணைப் பார்க்க முடியாது. கூடுதலாக ஓர் எண்ணைச் சொல்லிவிடலாமா என்று சனோபரின் நெஞ்சு துடித்தது. மண்ணாங்கட்டி வைத்த அதே நெஞ்சு.

இனோயத் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். வாழ்நாளில் அவள் எவரிடமும் கடைசியாகக் கேட்டது இதைத்தான்.

"கைய விடு சனோபர். கொஞ்ச நேரந்தான், விழமாட்டேன். நீ தாங்கிக்கிட்டு நின்னா எடை பொய்யாப் போயிடும்."