ஏழு வில்லைகள், மூன்று வீடுகள்

ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது என் வேலை. என் கணவர் காப்பி எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டர். எழுந்ததும் ஒரு காப்பி, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் இரண்டு என்று குடிக்கிறவர். இப்படிப்பட்ட வீட்டுக்குள் சீனத்துத் தேயிலை வந்து சேர்ந்ததற்கு என்னோடு படித்த தோழிதான் காரணம். அவள் சிங்கப்பூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். ஒரு தடவை லீவுக்குச் சேலம் வந்தவள் என்னைப் பார்க்க மலையேறி வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிரித்தால் கறுப்பாக, வட்டமாக, பாதி உடைந்த ஒரு வில்லை. விரலால் தட்டினேன், மரப்பலகையைத் தட்டியதுபோல இருந்தது.

“என்னடி இது, கருப்பட்டியா?”

“டீ. பூஎர்னு பேரு. சீனாவுல யுன்னான்ங்கிற மலைப் பக்கத்துல இருந்து வருது. இலையை ஆவி காட்டி, துணியில சுத்தி, கல்லுல அமுக்கி இப்படி ஆக்கிருவாங்க. வருஷக்கணக்கா வெச்சுக் குடிக்கலாம்.”

அவள் போன மறுநாள் நான் செய்த காரியம் இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பு. ஒரு பெரிய துண்டை உடைத்து, பால் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டேன். செம்மண் குட்டைத் தண்ணீர் நிறத்தில் ஒன்று வந்தது. கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். “நனைஞ்ச சாக்கை அலசி ஊத்துன மாதிரி இருக்குதும்மா” என்றார்.

தோழி அன்று சாயங்காலமே வீடியோவில் வந்து எனக்குப் பாடம் எடுத்தாள். கிள்ளி எடுத்தாற்போல் ஐந்து கிராம் போதும். நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி, முதல் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். இரண்டாவது தண்ணீர் பத்து விநாடிதான். அதே இலையில் எட்டு, பத்து தடவை ஊற்றிக் குடிக்கலாம். என்னிடம் சின்னக் கெண்டி எதுவும் இல்லை. சேலத்தில் லேப் சாமான் விற்கிற கடையில் புது பீக்கர் இரண்டு வாங்கி வந்தேன். பீக்கரைப் பார்த்ததும் கணவர் அந்தப் பக்கமே வரவில்லை. “அதுல வேற என்னென்னமோ புடிப்பீங்கல்ல” என்றார். புதுசு என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆடி மாதம் எங்கள் ஊரில் ஜன்னல் வழியாகவே மேகம் உள்ளே வரும். அந்தக் குளிரில் நாள் முழுவதும் பயந்தவர்களின் கையைப் பிடித்து ஊசி குத்திவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு சின்னக் கிண்ணம் பூஎரைக் குடித்தால் வயிற்றில் ஒரு கணகணப்பு பரவும். பிறகு இரண்டாவது கிண்ணம். அதுவரை யாரும் என்னிடம் பேசக் கூடாது.

ஒவ்வொரு லீவுக்கும் தோழி ஒரு வில்லை கொண்டுவந்தாள். சுற்றியிருக்கும் மெல்லிய காகிதத்தில் சிவப்பிலும் பச்சையிலும் எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே லேபில் செய்கிற மாதிரியே ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் ஒட்டினேன்: வந்த தேதி, எடை, பச்சையா, பழுத்ததா. பச்சை என்றால் அப்படியே அமுக்கி வைத்துத் தானாக மெல்ல முதிர்வது. பழுத்தது என்றால் குவித்து ஈரம் தெளித்து முன்னாலேயே புளிக்க வைத்தது. அலமாரியில் அவை ஐந்தாறு சேர்ந்தபோது எனக்கு ஒரே பெருமை.

அந்த வருடம் ஐப்பசி மழை அடித்த அடியில் சுவர் ஓரமாக இருந்த பழுத்த வில்லையில் மஞ்சளாகப் பூஞ்சை பூத்துவிட்டது. ஒரு துளியைச் சுரண்டி லேபுக்கு எடுத்துப் போய் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து, “எந்த பேஷண்ட் இது? உடனே அட்மிட் பண்ணுங்க” என்றார்.

“பேஷண்ட் இல்லைங்க சார். டீ.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

தோழியிடம் புலம்பியபோது அவள் ஒரு விஷயம் சொன்னாள். இந்தத் தேயிலை இருக்கிற வீட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈரமான ஊரில் சீக்கிரம் முதிரும், காய்ந்த ஊரில் மெதுவாக முதிரும். ஒரே வில்லை இரண்டு ஊரில் இருந்தால் இரண்டு ருசியாகிவிடும். அது என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அடுத்த லீவில் அவள் மூங்கில் மடலில் சுற்றிக் கட்டிய ஒரு முழு அடுக்கைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரே மாதிரி ஏழு பச்சை வில்லைகள். பரிசோதித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல சாம்பிள் எங்கே கிடைக்கும்?

ஒன்றை உடனே உடைத்துக் குடித்தேன். முதலில் நல்ல கசப்பு, துவர்ப்பு. தண்ணீர் குடித்ததும் நெல்லிக்காய் தின்றபின் வருகிற இனிப்பு தொண்டையில். இதை நோட்டில் எழுதி வைத்தேன். மீதி ஆறையும் மூன்று வீட்டுக்கு இரண்டு இரண்டாகப் பிரித்தேன்: எங்கள் வீடு, மலையடியில் குப்பனூரில் இருக்கும் என் தங்கச்சி வீடு, மலைமேல் வெள்ளக்கடை கிராமத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவரின் வீடு. ஐந்து வருடம் கழித்து மூன்றையும் ஒன்றாக வைத்துக் குடித்துப் பார்ப்பது என்று திட்டம்.

“புள்ளைங்களை ஹாஸ்டல்ல சேக்கற மாதிரியில்ல சேக்கறே” என்றார் கணவர்.

தங்கச்சியிடம் ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்தேன்: பாச்சை உருண்டை பக்கத்தில் கூடாது, ஊதுபத்தி கூடாது, மசாலா கூடாது, வெயில் படக் கூடாது. டிரைவரிடம் அவ்வளவு சொல்லக் கூச்சமாக இருந்தது.

“உள்ளார என்னங்க மேடம்?”

“டீத்தூள் மாதிரிதான் அண்ணா. அஞ்சு வருஷம் தொடாம ஊட்ல வெச்சிருக்கணும். அவ்வளவுதான்.”

“அஞ்சு வருஷமுங்களா?” என்றவர், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எங்கள் பங்கை ஒரு மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, பீரோ மேல் ஏற்றினேன். பார்த்தால் உடைக்கத் தோன்றும் என்று பானையைத் தொடவே இல்லை. தங்கச்சிக்குப் போன் செய்யும்போதெல்லாம் விசாரிப்பேன். “அது பாட்டுக்கு இருக்குதுக்கா” என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

ஐந்து வருடம் போனதே தெரியவில்லை. போன தை மாதம், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். மூன்று பீக்கர், மூன்று லேபிள், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். காலையிலேயே தங்கச்சி குப்பனூர் வழி பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். உள்ளே நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

“அக்கா, முதல்லயே சொல்லிப்போடறேன். திட்டாதே.”

பையிலிருந்து ஒரு முழு வில்லையை எடுத்தாள். அடுத்து எடுத்தது பிறை நிலா மாதிரி ஒரு துண்டு.

நடந்தது இதுதான். இரண்டாவது வருடம் பக்கத்து வீட்டுப் புதுமனை விருந்தில் பிரியாணியை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்திருந்தாளாம். சீனத்துக்காரர்கள் கனமாகச் சாப்பிட்டபின் இதைக் குடிப்பார்கள் என்று நான் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து ஒரு மூலையை உடைத்திருக்கிறாள். வயிறு லேசாகிவிட்டது. செய்தி தெருவுக்குள் பரவியது. அதன்பிறகு எந்த விருந்து முடிந்தாலும் பெண்கள் இவள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள்.

“இப்ப எங்க தெருவுல நாலு பேரு பால் இல்லாமத்தான் குடிக்கறாங்கக்கா.”

கோபம் வந்தது. ஆனால் அதற்குள் வேறொரு கேள்வி முந்திக்கொண்டது. “எத்தனை செகண்டு வெக்கறே?”

“செகண்டா? தண்ணியை ஊத்திப்போட்டு வாசல் வரைக்கும் போயிட்டு வருவேன். அதுதான் கணக்கு.”

சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் எப்படித் திட்டுவது?

கொஞ்ச நேரத்தில் டிரைவரும் அவர் மனைவியும் பைக்கில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண் மடியில் வைத்திருந்த மஞ்சள் துணி மூட்டையைப் பிரித்தாள். இரண்டு வில்லையும் காகிதம் பிரிக்காமல் அப்படியே இருந்தன. ஆனால் காகிதத்தில் சீன எழுத்துகளே தெரியவில்லை. மேலெல்லாம் மஞ்சளும் குங்குமமும்.

“என்ன கண்ணு இது?” என்றேன்.

“அஞ்சு வருஷம் தொடாம வெக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்கன்னாருங்க. தொடக் கூடாதுன்னா ஏதோ சாமி காரியமாத்தான் இருக்கும்னு நெனச்சேனுங்கக்கா. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஒரு பொட்டு வெச்சேன். சேர்வராயன் கோயில் நோம்பிக்கு மட்டும் கொஞ்சம் சேத்தி வெச்சேன்.”

டிரைவர் தரையைப் பார்த்தார். “டீத்தூள்னு நான் சொன்னனுங்க மேடம். இவ நம்பலைங்க.”

“டீத்தூளை யாருங்க அஞ்சு வருஷம் வெச்சிருப்பாங்க?” என்று அவள் கேட்டாள். அடுப்புக்கு மேலே பரணில், மக்காச்சோளக் கதிருக்கும் மிளகு மூட்டைக்கும் நடுவில் வைத்திருந்தாளாம்.

முதலில் குப்பனூர் வில்லையை ஊற்றினேன். தேன் நிறம். ஐந்து வருடத்துக்கு முன் நாக்கை இழுத்த துவர்ப்பு அடங்கி, வெயிலில் காய்ந்த மரத்தின் வாசனை வந்திருந்தது. இனிப்பு தானாகவே வந்தது, தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கவில்லை. தங்கச்சி எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுத்தது வெள்ளக்கடை. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனதும் விறகுப் புகை. விழுங்கியபின் தொண்டையில் மிளகு போல ஒரு காரம் நின்றது. “எங்க ஊடு மாதிரியே மணக்குதுங்க!” என்று டிரைவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது எங்கள் வீட்டுப் பானையில் இருந்தது. ஊற்றினேன், கொடுத்தேன். ஒவ்வொருவரும் கிண்ணத்தை இரண்டாம் தடவை மோந்து பார்த்தார்கள். டிரைவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏனுங்க மேடம், இது காப்பிங்களா?”

பீக்கரைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். வேறு பீக்கரில், வேறு துண்டு உடைத்து, திரும்பவும் ஊற்றினேன். தேயிலைதான். ஆனால் நடுவில் சந்தேகமில்லாமல் காப்பி வாசனை. நான் நிமிர்ந்தபோது கணவர் எழுந்து, மூடியிருந்த ஜன்னலை மறுபடியும் மூடிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க?” என்றேன்.

“முன்ன ஒரு தடவை பூஞ்சை புடிச்சுதுன்னு மூணு நாள் சாப்பிடாம உக்காந்திருந்தியே” என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே. “நம்ம ஊடு மழையில என்ன பாடு படும்னு தெரியாதா? ஆனி பொறந்ததும் பானையிலிருந்து எடுத்து எஸ்டேட் குடோன்ல வெச்சிருவேன். மலையிலயே காய்ஞ்ச எடம் அதுதான். தை மாசம் திரும்பக் கொண்டாந்து கட்டிருவேன். வருஷா வருஷம்.”

குடோனில் கூரை முட்ட அடுக்கியிருப்பது காப்பிக்கொட்டை மூட்டைகள், ஒரு மூலையில் கொட்டை வறுக்கிற அடுப்பு. வாசனையைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. இந்த வாசனைக்குள்ளேயே முப்பது வருடம் வேலை பார்த்த மூக்குக்கு அது வாசனையாகவே தெரிந்திருக்காது.

என் பரிசோதனையைக் கெடுத்துவிட்டாரே என்று ஒரு நிமிடம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே வேறொன்றும் புரிந்தது. அவரிடம் ஒரே ஒரு மழைக்கோட்டுதான் உண்டு. ஆனி மாதம் வருடத்துக்கு ஒரு நாள் அவர் எஸ்டேட்டுக்குப் போட்டுப் போன சட்டை சாயங்காலமும் ஈரமாக இருக்கும், “கோட்டு எங்கீங்க?” என்றால் மறந்துவிட்டேன் என்பார். கோட்டு எதைச் சுற்றிக்கொண்டு போயிற்று என்று இப்போது கேட்க வேண்டியதில்லை. இன்னொரு கிண்ணம் ஊற்றி அவரிடம் நீட்டினேன். பீக்கர் என்றுகூடப் பாராமல் ஊற்ற ஊற்றக் குடித்தார். நான்கு கிண்ணம்.

“இப்பத்தாம்மா உன்ற டீ மனுசன் குடிக்கற மாதிரி இருக்குது.”

எது சிறந்தது என்று கை தூக்கச் சொன்னேன். தங்கச்சி அவளுடையதற்கே தூக்கினாள். டிரைவரின் மனைவியும் குப்பனூருக்குத்தான். நான் வெள்ளக்கடை. டிரைவரும் என் கணவரும் காப்பிக்கு. தோழியை வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. காப்பி வில்லையில் ஒரு துண்டு தனக்கு வேண்டும் என்றாள்.

மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டோம். அதன்பின் அதே இலைகளில் எட்டாவது, ஒன்பதாவது தண்ணீர். நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது, பேச்சு குறையவில்லை. உடைக்காமல் மிச்சமிருந்த மூன்று வில்லைகளை வீடு மாற்றி வைப்பது என்று முடிவாயிற்று. புகை வில்லை எங்களுக்கு, எங்களுடையது குப்பனூருக்கு, குப்பனூருடையது வெள்ளக்கடைக்கு. “இந்தத் தடவை பொட்டு வெக்கலாமுங்களா?” என்று டிரைவரின் மனைவி கேட்டாள். தாராளமாக வை என்றேன். உடைத்தும் குடித்துக்கொள் என்று சொன்னபோது அவள் அவ்வளவாக நம்பவில்லை.

அவர்கள் கிளம்பியபின் கணவரிடம் கேட்டேன், “ஆனி மாசம் இதை எங்கீங்க வெக்கறது?”

கொஞ்சம் யோசித்தார். மறுநாள் எஸ்டேட்டில் தன் அறையிலிருக்கும் இரும்பு பீரோவில் பழைய பஸ் பாஸ், உடைந்த ஸ்டேப்ளர், காலாவதியான காலண்டர்களையெல்லாம் எடுத்துப் போட்டு, ஒரு தட்டைக் காலி செய்து துடைத்து வைத்துவிட்டு வந்தார். அங்கே காகித வாசனைதான் அடிக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார்.